சூஜோ கால்வாயின் கொல்லைப்புறப் படிகள்

நேயர்களுக்கு வணக்கம். சீனாவின் சூஜோ நகரத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். வளைந்த கல்பாலம், கீழே ஒரு படகு, இரு கரையிலும் வெள்ளைச் சுவர்கள், மேலே கறுப்பு ஓடு. போகிறவர்கள் எல்லோரும் பாலத்தைத்தான் படம் எடுக்கிறார்கள். நான் படிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வீட்டுப் பின்கதவிலிருந்து கால்வாய்த் தண்ணீருக்குள் இறங்கும் நாலைந்து கல்படிகள்.

அவை ஏன் அங்கே இருக்கின்றன? 1229-இல் இந்த நகரத்தின் வரைபடத்தைக் கல்லில் செதுக்கி வைத்தார்கள். அந்தக் கல் இன்றும் சூஜோவில் இருக்கிறது. தெருவும் கால்வாயும் ஜோடி ஜோடியாக ஓடுவதை அதில் பார்க்கலாம். முன்வாசல் தெருவில், பின்வாசல் தண்ணீரில். அரிசி, விறகு, காய்கறி எல்லாம் படகில் பின்வாசலுக்கே வந்து இறங்கின. நகரின் பழைய பகுதியான பிங்ஜியாங் தெருவில் அந்த அமைப்பு இன்னும் மாறவில்லை. 2014-இல் சீனாவின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் பழைய பெருங்கால்வாயை உலகப் பாரம்பரியக் களமாக யுனெஸ்கோ அறிவித்தபோது இந்தப் பகுதியும் அதில் சேர்ந்தது. இப்போது விறகுப் படகு வருவதில்லை. ஆனாலும் காலையில் யாராவது ஒருவர் அந்தப் படியில் குந்தித் துணி அலசுகிறார். அதைத்தான் எடுக்க வேண்டும் என்கிறேன்.

அங்கே ஒரு பாட்டியைச் சொல்லியாக வேண்டும். தினமும் விடிந்ததும் தரை துடைக்கும் மாப்பைக் கால்வாயில் அலசுவார். எதிர்க்கரையில் நான் கேமராவைத் தூக்கியதும் கையை வேகமாக ஆட்டினார். வேண்டாம் என்கிறார் என்று இறக்கிவிட்டேன். உள்ளே போனவர், தலை சீவி, நல்ல சட்டை போட்டு, மாப்பை எங்கோ மறைத்துவிட்டு வந்து விறைப்பாக நின்றார். எடுங்கள் என்று தலையசைத்தார். எடுத்தேன். அடுத்த முறை போனபோது அந்தப் படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றிலிருந்து நான் எதிரே நின்றாலும் கண்டுகொள்வதில்லை. மாப் அலசினார், பக்கத்துப் படிக்காரரோடு தண்ணீருக்கு மேலேயே சத்தமாகப் பேசினார். நான் தேடிய படங்கள் அப்போதுதான் கிடைத்தன. அவர்கள் விரும்பும் படத்தை முதலில் எடுத்துக் கொடுங்கள். அது அவர்களுக்குச் சேர வேண்டியது. உங்களுக்கு வேண்டியது பிறகு வரும். மறுபடியும் சொல்கிறேன், முதலில் அவர்கள் படம்.

வெளிச்சம் பற்றிச் சுருக்கமாக. பிங்ஜியாங் கால்வாய் வடக்கு தெற்காக ஓடுகிறது. காலை வெயில் ஒரு கரைச் சுவரில் விழும், அங்கே பட்டுத் திரும்பும் வெளிச்சம் நிழலில் இருக்கும் முகத்தை மென்மையாகக் காட்டும். சுவர் வெள்ளை என்பதால் கேமரா படத்தை இருட்டாக்கிவிடும். கேமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) +1 என்று கூட்டி வையுங்கள், கைப்பேசியிலும் முடியும். கூட்டம் வருவதற்குள் முடித்துவிடுங்கள். ஜூன் மாத மழை என்றால் இன்னும் நல்லது, நனைந்த கல்படியில் வானமே தெரியும்.

சூஜோவின் இன்னொரு கால்வாயான ஷான்தாங்கைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கவிஞர் பாய் ஜூயி இங்கே ஆளுநராக இருந்தபோது, 825-இல் வெட்டுவித்தது. ஆனால் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம், நேரம் முடிகிறது என்று கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே மாலையில் போங்கள். விளக்கு எரியத் தொடங்கி, வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் கொஞ்ச நேரம்தான் கணக்கு. கைப்பேசியைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு எடுங்கள், கை நடுங்காது. வணக்கம்.