போன சீசன் அணியா, இந்த சீசன் அணியா: பலத்தை எப்படி அளப்பது?

[திரையில்: ஒரு வெற்றுத் தாள். நடுவில் பென்சிலால் ஒரு கோடு. இடப்பக்கம் 2013-14, வலப்பக்கம் 2014-15.]

வணக்கம். 2014ஆம் ஆண்டின் கோடைக்காலத்திலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கின்றன. லிவர்பூல் 84 புள்ளிகளுடன் இரண்டாம் இடம். பட்டம் கைக்கு எட்டி, கடைசி மூன்று ஆட்டங்களில் நழுவிவிட்டது. சவுத்தாம்ப்டன் 56 புள்ளிகளுடன் எட்டாம் இடம். இரண்டு அணிகளுக்கும் இடையே 28 புள்ளிகள்.

அந்தக் கோடையில் சவுத்தாம்ப்டன் அணியில் நடந்ததை விற்பனை என்பதா, காலி செய்தல் என்பதா? தாக்குதல் வீரர் ரிக்கி லாம்பர்ட், அணித்தலைவர் ஆடம் லல்லானா, மையத் தற்காப்பு வீரர் டெயான் லோவ்ரென் மூவரும் லிவர்பூலுக்குப் போனார்கள். லூக் ஷா மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு, கேலம் சேம்பர்ஸ் ஆர்சனலுக்கு. பயிற்சியாளர் மொரிசியோ பொச்செட்டினோவும் டாட்டனம் அணிக்குக் கிளம்பிவிட்டார். லிவர்பூலோ 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து இந்த மூவரோடு பாலோட்டெல்லி, மார்கோவிச், எம்ரே சான், மொரேனோ என்று ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனது. அங்கிருந்து போன பெரிய பெயர் ஒன்றே ஒன்று: பார்சிலோனாவுக்கு லூயிஸ் சுவாரஸ்.

தாளில் இரண்டு பெயர்ப் பட்டியல்களையும் எழுதிப் பார்த்தால், லிவர்பூல் பருத்திருக்கிறது, சவுத்தாம்ப்டன் மெலிந்திருக்கிறது. அடுத்த மே மாதம் புள்ளிப் பட்டியல் சொன்னது வேறு. லிவர்பூல் 62 புள்ளிகள், ஆறாம் இடம். சவுத்தாம்ப்டன் 60 புள்ளிகள், ஏழாம் இடம். 28 ஆக இருந்த இடைவெளி 2 ஆகிவிட்டது.

வாங்கியவன் இறங்கினான், விற்றவன் ஏறினான். இதை முன்கூட்டியே ஓரளவாவது கணித்திருக்க முடியுமா? முடியும் என்பது என் கட்சி. பெயர்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு, ஆடிய நிமிடங்களை எண்ணத் தொடங்க வேண்டும்.

[திரையில்: 11 × 90 × 38 = 37,620]

கணக்கு எளிது. களத்தில் 11 பேர், ஓர் ஆட்டத்துக்கு 90 நிமிடம், சீசனுக்கு 38 ஆட்டங்கள். பெருக்கினால் 37,620 நிமிடங்கள். சிவப்பு அட்டை, கூடுதல் நேரம் எல்லாம் இதில் சிறு சில்லறை. ஒரு சீசனின் அணி என்பது இந்த 37,620 நிமிடங்களை யார் யார் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதுதான். பதிவு செய்யப்பட்ட 25 பேர் பட்டியலில் கடைசி ஐந்து பெயர்கள் சீசன் முழுவதும் சேர்ந்து 500 நிமிடம்கூட ஆடாமல் போகலாம். அவர்கள் மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன? ஆனால் விசிறிகள் அடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்த ஐந்து பெயர்களைப் பற்றித்தான்.

ஆகவே கோட்டுக்கு இடப்பக்கம் ஒவ்வொரு வீரருக்கும் எதிரே போன சீசனில் ஆடிய நிமிடங்களை எழுதுங்கள். வலப்பக்கம் அந்த நிமிடங்களை இப்போது யார் ஆடப்போகிறார் என்று எழுதுங்கள். ஆள் மாறாத வரிகளை லேசாகத் தாண்டிப் போய்விடலாம். மாறிய வரிகளில் மட்டும் நின்று நிதானமாகப் பாருங்கள். சந்தை விலைப் பட்டியலை இங்கே கொண்டுவராதீர்கள். ஒரு வீரரின் விலையில் அவருடைய வயதும் ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் ஆண்டுகளும் கலந்திருக்கின்றன. 32 வயதுக்காரர் மலிவு, 20 வயதுக்காரர் விலை அதிகம் என்பதால் வரும் ஞாயிற்றுக்கிழமை யார் நன்றாக ஆடுவார் என்று தெரிந்துவிடாது.

சரி, லிவர்பூலின் தாளைக் கையில் எடுப்போம்.

[திரையில்: 101 → 52]

2013-14இல் லிவர்பூல் லீக்கில் அடித்த கோல்கள் 101. அடுத்த சீசனில் 52. நாற்பத்தொன்பது கோல்கள் காணாமல் போயின. எங்கே போயின?

சுவாரஸ் 33 ஆட்டங்களில் 31 கோல்கள் அடித்திருந்தார், அதில் ஒன்றுகூடப் பெனால்டி இல்லை. நிமிடக் கணக்கில் பார்த்தால் அவருடைய பங்கு நூற்றுக்குச் சுமார் எட்டு. கோல் கணக்கில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல். நிமிடம் மட்டும் போதாது, நிமிடத்தின் எடையும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சுவாரஸ் போனதால் 31 குறையலாம். 49 ஏன் குறைய வேண்டும்? தாளில் அடுத்த வரியைப் பாருங்கள். டேனியல் ஸ்டரிட்ஜ். அவரை யாரும் விற்கவில்லை. இரண்டு பட்டியல்களிலும் அவர் பெயர் இருக்கிறது. முதல் சீசனில் 29 ஆட்டங்கள், 21 கோல்கள். அடுத்த சீசனில் காயம் மேல் காயம். 12 ஆட்டங்கள், 4 கோல்கள். குறைவு 17. முப்பத்தொன்றையும் பதினேழையும் கூட்டுங்கள்: 48. காணாமல் போன 49இல் ஏறக்குறைய முழுவதும் இரண்டே வரிகளில் அடங்கிவிட்டது. அதில் ஒரு வரியில் ஆள் மாறவே இல்லை.

கணக்கு இவ்வளவு கச்சிதமாக அமைவது அபூர்வம், தற்செயலும் இதில் உண்டு. மற்றவர்கள் சிலர் கூடினார்கள், சிலர் குறைந்தார்கள், அவை ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டன. இருந்தாலும், அந்த நிமிடங்களை நிரப்ப வந்தவர்களைப் பாருங்கள். பாலோட்டெல்லி லீக்கில் 1 கோல். லாம்பர்ட் 2. சவுத்தாம்ப்டனில் முந்தைய சீசனில் 13 கோல் அடித்த அதே லாம்பர்ட்தான். அவர் லிவர்பூலுக்கு வந்தபோது வயது 32. சவுத்தாம்ப்டனில் அவரைச் சுற்றியே தாக்குதல் நடந்தது. லிவர்பூலில் அவர் பெஞ்சில் இருந்து எழுந்து வரும் மாற்று வீரர். போன சீசனின் எண்ணை அப்படியே பெயர்த்து இந்த சீசனின் கட்டத்தில் வைக்கக் கூடாது என்பதற்கு லாம்பர்ட் ஒரு சாட்சி.

தற்காப்பில்? எதிரணிகளிடம் வாங்கிய கோல்கள் 50லிருந்து 48 ஆயின. லோவ்ரெனுக்குக் கொடுத்த பணத்துக்குக் கிடைத்தது அந்த சீசனில் அவ்வளவுதான்.

இன்னொரு எண்ணையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 2013-14இல் லிவர்பூல் ஐரோப்பியப் போட்டிகளில் இல்லை. எல்லாக் கோப்பைகளையும் சேர்த்து ஆடிய ஆட்டங்கள் 43. அடுத்த சீசனில் சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக், உள்நாட்டுக் கோப்பைகளில் நீண்ட ஓட்டம், மொத்தம் 58. பதினைந்து ஆட்டங்கள் கூடுதல். முதல் சீசனில் பதினான்கு பேர் நன்றாக இருந்தால் போதும். இரண்டாவதில் பதினெட்டுப் பேராவது வேண்டும். அதாவது அதே அணியை அப்படியே வைத்திருந்தாலும், வேலை பெருகியதால் அது பலம் குறைந்த அணி. ஆள் சேர்த்ததற்கு லிவர்பூல் சொன்ன நியாயம் இதுதான், நியாயம் தவறில்லை. மேல்வரிசையில் விழுந்த ஓட்டையைக் கீழ்வரிசை ஆட்களைக் கொண்டு அடைக்க முடியவில்லை, அதுதான் சிக்கல். அரிசி இல்லாத வீட்டில் உப்பும் புளியும் மூட்டை மூட்டையாக இருந்து என்ன பயன்?

[திரையில்: தாள் திரும்புகிறது. மறுபக்கம் சவுத்தாம்ப்டன்.]

சவுத்தாம்ப்டன் பக்கம் இன்னும் சுவையானது. லாம்பர்ட்டின் 13 கோல்கள், லல்லானாவின் 9 கோல்கள் போய்விட்டன. முதலிடத்தில் 15 கோல்கள் அடித்த ஜே ரோட்ரிகெஸ் முழங்கால் காயத்தால் அடுத்த சீசன் முழுவதும் இல்லை. அணி அடித்த 54 கோல்களில் 37 இந்த மூவருடையவை. இப்படி ஓர் அணியின் தாளைப் பார்த்தால் யாராக இருந்தாலும் அது கீழ்ப் பிரிவுக்குத் தரமிறக்கப்படும் என்றுதான் பந்தயம் கட்டியிருப்பார்கள்.

புதிய பயிற்சியாளர் ரொனால்ட் கோமன் வந்தார். கிராசியானோ பெல்லே 12 கோல்கள், சாடியோ மானே 10 கோல்கள். சீசன் முடிவில் மொத்தம் மறுபடியும் 54. அச்சு அசலாக அதே எண். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அந்த 54இல் சண்டர்லாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 8, ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 6. அந்த எட்டில் மூன்றை சண்டர்லாந்துக்காரர்களே தங்கள் வலைக்குள் தள்ளிக்கொண்டார்கள். இரண்டு ஆட்டங்களில் 14 என்றால், மீதி 36 ஆட்டங்களில் 40தான். ஆக, தாக்குதல் அப்படியே நீடித்தது என்று மொத்த எண்ணை மட்டும் வைத்துச் சொன்னால் ஏமாந்துபோவோம். சீசன் மொத்தங்களை ஒப்பிடும்போது இப்படி ஓரிரண்டு வீங்கிய ஆட்டங்களைத் தனியே எடுத்து வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

ஏற்றம் வந்தது வேறு இடத்திலிருந்து. வாங்கிய கோல்கள் 46லிருந்து 33 ஆகின. லீக்கில் அதைவிடக் குறைவாக வாங்கியது பட்டம் வென்ற செல்சி மட்டும், 32. கோல்காப்பாளர் ஃபிரேசர் ஃபார்ஸ்டர் வந்தார்; டோபி ஆல்டர்வெய்ரல்டும் ரையன் பெர்ட்ராண்டும் கடனாக வந்தார்கள். போகாமல் தங்கியவர்கள் யார் என்பது அதைவிட முக்கியம்: ஜோசே ஃபான்டே, நதானியேல் கிளைன், விக்டர் வன்யாமா, மோர்கன் ஷ்னைடர்லின். தற்காப்பின் நடுத்தூணும் அதற்கு முன்னே நின்ற நடுகளமும் ஒருவரையொருவர் அறிந்த ஆட்கள். செய்தித்தாள்கள் போனவர்களின் படங்களைப் பெரிதாகப் போட்டன. தங்கியவர்களுக்கு யார் படம் போடுவார்கள்?

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த முறை எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தாளில் ஆள் மாறாமல், நிமிடமும் மாறாமல், ஆட்டம் மட்டும் மாறிவிடுவது உண்டு. லெஸ்டர் சிட்டியைப் பாருங்கள்: 2014-15இல் 41 புள்ளிகள், அடுத்து 81 புள்ளிகளுடன் பட்டம், அதற்கடுத்து 44. நடுவில் ஒரே சீசன் ஆடிவிட்டு செல்சிக்குப் போனவர் எங்கோலோ கான்டே. எல்லாப் பழியையும் புகழையும் அவர் தலையில் ஏற்றுவது எளிது. ஆனால் தங்கியிருந்த ஜேமி வார்டி 24 கோல்களிலிருந்து 13க்கு இறங்கினார். ரியாத் மாரெஸ் 17லிருந்து 6க்கு. பட்டம் வென்ற சீசனில் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் உச்சத்தில் இருந்தார்கள். அந்த உச்சத்தை அவர்களுடைய வழக்கமான தரம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த சீசனைக் கணித்தால் தவறத்தான் செய்யும். ஒரு வீரருக்கு ஒரே ஒரு சீசன் எண்ணை நம்பாமல், இரண்டு மூன்று சீசன்களின் சராசரியை எழுதுங்கள்.

செல்சி இன்னும் விசித்திரம். 87 புள்ளிகளுடன் பட்டம் வென்ற அணி, பெரிய மாற்றம் ஏதும் இல்லாமல் அடுத்த சீசனில் 50 புள்ளிகளுடன் பத்தாம் இடம். டிசம்பரிலேயே பயிற்சியாளர் மொரின்ஹோ போய்விட்டார். அதற்கடுத்த சீசனில் 93 புள்ளிகள், மறுபடியும் பட்டம். கான்டே வந்தது உண்மை. அன்டோனியோ கான்டே என்ற பயிற்சியாளர் வந்து தற்காப்பை மூவராக மாற்றியதும் உண்மை. அந்த ஆண்டு ஐரோப்பிய ஆட்டங்கள் இல்லாததால் கால்களுக்கு ஓய்வு கிடைத்ததும் உண்மை. (இரண்டு கான்டேக்களும் உறவினர்கள் இல்லை, தமிழில் எழுதும்போது வரும் தொல்லை இது.) புள்ளிகளை வைத்து வீரர்களின் பலத்தைச் சொல்வது ஏன் ஆபத்து என்பது இங்கே தெரிகிறது. 50 புள்ளி எடுத்த சீசனில் அந்த வீரர்கள் பத்தாம் இடத்துக்கு உரியவர்கள் என்று யார் சொல்வார்கள்? ஆகவே புள்ளிகளைக் கடைசியாகத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும், அதுவும் தாளை நிரப்பி முடித்த பிறகு.

[திரையில்: புதிய தாள். 2019-20, 2020-21.]

முடிப்பதற்கு முன் ஒரு வரி. 2015இல் சவுத்தாம்ப்டன் மறுபடியும் விற்றது, மறுபடியும் ஏறியது. 63 புள்ளிகள், ஆறாம் இடம். அந்த முறை ஸ்காட்லாந்தின் செல்டிக் அணியிலிருந்து வாங்கி வந்த தற்காப்பு வீரரை 2018 ஜனவரியில் லிவர்பூலே வாங்கியது. விர்ஜில் வான் டைக். 2019-20இல் லிவர்பூல் 99 புள்ளிகளுடன் பட்டம் வென்றபோது அவர் 38 லீக் ஆட்டங்களிலும் இருந்தார். அடுத்த சீசனில் அணி பெரிதாக யாரையும் இழக்கவில்லை. தியாகோவும் ஜோட்டாவும் புதிதாகச் சேர்ந்தார்கள். பெயர்ப் பட்டியலில் பலம் கூடியிருந்தது.

2020 அக்டோபர் 17, எவர்டனுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய முழங்கால் போனது. பின்னர் ஜோ கோமஸ், ஜோயல் மாட்டிப் என்று மற்ற மையத் தற்காப்பு வீரர்களும் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். அந்த இடத்தில் ஃபபினோவும் ஹெண்டர்சனும் இறங்கி நின்றார்கள். இருவரும் நடுகள வீரர்கள். அவர்கள் பின்னே போனதும் நடுகளத்தில் இரண்டு வரிகள் காலியாகின. சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு லீக் தோல்விகள். சீசன் முடிவில் 69 புள்ளிகள்.

[திரையில்: தாளில் ஒரே ஒரு வரி பெரிதாகிறது. வான் டைக். இடப்பக்கம் 38 லீக் ஆட்டங்கள். வலப்பக்கம் 5.]