மூணு மாடி, ஒரு தண்ணி கேன்: ஸ்டூடன்ட் ஃபிலிமுக்கு ஒரு 'வளர்ந்துட்டா' சீன் பிளான் பண்றது எப்படி?

(திரையில்: லிஃப்ட் இல்லாத பழைய அபார்ட்மென்ட். கீழ்ப்படியில 20 லிட்டர் தண்ணி கேன்.)

காலேஜ் ஷார்ட் ஃபிலிம்ல ஒரு பொண்ணு பெரியவளாகுற சீன் எடுக்கணும்னா, நிறைய டீம் கேமராவைத் தூக்கிட்டு நேரா பெசன்ட் நகர் பீச்சுக்குப் போயிடுறாங்க. பொண்ணு கடலைப் பார்த்து நிப்பா, சூரியன் மறையும். சென்னையில சூரியன் கடல்ல மறையாதுங்க. விடிகாலைல கடல்லேர்ந்து எழும்பும், சாயங்காலம் ஊருக்குப் பின்னாடி, கட்டடங்களுக்கு நடுவுல இறங்கிடும். அது போகட்டும், கடலைப் பார்த்து நின்னதுல அவகிட்ட என்ன மாறுச்சு?

நேத்து வரைக்கும் வீட்ல வேற யாரோ செஞ்ச வேலையை இன்னிக்கு இவ செய்யணும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. இதுக்கு ஒரே ஒரு பொருள் போதும். இந்த வீடியோவுக்கு நாம எடுத்துக்கிட்டது தண்ணி கேன்.

சீன் இதான். பிளஸ் டூ முடிச்ச பொண்ணு, ஜூன்ல வெளியூர் காலேஜுக்குப் போகப் போறா. கேன் போடுற தம்பி கீழேயே வெச்சுட்டுப் போயிட்டான். எப்பவும் அப்பாதான் மூணு மாடி தூக்கிட்டு வருவார். இன்னிக்கு ரெண்டாவது மாடித் திருப்பத்துல அவர் கேனை இறக்கி வெச்சு மூச்சு வாங்குறார். மேலேர்ந்து இறங்கி வர்ற பொண்ணு பார்க்குறா. தூக்குறா. அவ்ளோதான். ஸ்கிரிப்ட்ல ரெண்டு பக்கம், திரையில ரெண்டு நிமிஷம்.

வசனம் ஒண்ணே ஒண்ணு. அது "விடுப்பா"வா, "விடுங்கப்பா"வா? சாதாரணமா நினைக்காதீங்க, அந்த வீடு எப்படிப்பட்டதுன்னு இந்த ஒரு சொல்லே சொல்லிடும். எழுதும்போதே முடிவு பண்ணிடுங்க. ஸ்பாட்ல நடிக்கிறவங்க வாய்க்கு வந்ததை விட்டுட்டா, ஒரு ஷாட்ல "விடுப்பா", அடுத்த ஷாட்ல "விடுங்கப்பா"ன்னு வந்து எடிட்டிங்ல ஒட்டவே ஒட்டாது.

(திரையில்: ரெண்டு கேன் பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு நிறைஞ்சது, ஒண்ணு காலி.)

இனி கேன் விஷயம். இங்கதான் நிறையப் பேர் சறுக்குறாங்க. நிறைஞ்ச கேன் 20 கிலோவுக்கு மேல. அதை 15 டேக் தூக்கச் சொன்னா நடிக்கிற பொண்ணோட இடுப்பு போயிடும். சரின்னு காலி கேன் குடுத்தா, அது காலின்னு பார்க்குறவங்களுக்கு ஒரு நொடியில தெரிஞ்சிடும். கேன் கண்ணாடி மாதிரி இருக்குங்கிறது மட்டும் காரணமில்ல. தூக்குற விதமே வேற. நிஜ பாரம்னா முதல்ல முழங்கால் மடங்கும், தோள் ஒரு பக்கம் இறங்கும், முதல் படியில கால் வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன நிதானம் இருக்கும். காலி கேன்ல இது ஒண்ணுமே வராது.

அதனால வைட் ஷாட்டுக்கு நிறைஞ்ச கேன்தான், ஆனா மூணு டேக்குக்கு மேல வேண்டாம். ஒத்திகை எல்லாம் காலி கேன்லயே முடிச்சிடுங்க. முகத்துக்கு குளோசப் போகும்போது ஃபிரேமுக்குக் கீழே 10 கிலோ அரிசிப் பையைக் கையில குடுங்க. கழுத்து நரம்பு புடைக்கிறது நிஜமாவே வரும். கை குளோசப்ல கேன் கழுத்தும் விரலும் மட்டும்தான் தெரியும், அதுக்குப் பாதி கேன் போதும்.

கடைசி ஷாட், கேனை டிஸ்பென்சர்ல கவிழ்க்கிறது. கவிழ்த்ததும் ரெண்டு மூணு லிட்டர் உள்ளே இறங்கிடும். அடுத்த டேக்குக்கு முன்னாடி குழாயைத் திறந்து அதைக் காலி பண்ணணும். மறந்துட்டு நிறைஞ்ச கேனை மறுபடி கவிழ்த்தா, தண்ணி வழிஞ்சு கிச்சன் தரை நனைஞ்சிடும். முந்தின ஷாட்ல காய்ஞ்ச தரை, இதுல ஈரத் தரை. ஒரு ஆள் மாப்போட பக்கத்துலயே நிக்கட்டும். இந்த ஷாட்டுக்கு மூணு நிறைஞ்ச கேன் வாங்கி வெச்சிடுங்க, செலவு பெருசா ஆகாது.

ஷாட் பிரிப்பு: மேல் திருப்பத்துலேர்ந்து ஒரு மாஸ்டர், அதாவது சீன் முழுசையும் தூரத்துலேர்ந்து ஒரே ஷாட்ல எடுக்குறது. அப்பாவுக்கு சஜஷன் (எதிர்ல நிக்கிறவங்க தோளுக்குப் பின்னாடியிலேர்ந்து எடுக்குற ஷாட்), பொண்ணுக்கு சஜஷன், ரெண்டு பேருக்கும் தனித்தனியா குளோஸ். கை. படி ஏறுறதுக்கு ரெண்டு. கிச்சன்ல ஒண்ணு. மொத்தம் ஒன்பது. ஷாட்டுக்கு 25 நிமிஷம் வெச்சாலே 4 மணி நேரம் கிட்ட வந்துடும். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கற்பனைக் கோடு இருக்குன்னு வெச்சுக்கிட்டு, கேமரா அதுக்கு ஒரே பக்கம் நிக்கணும், இதான் 180 டிகிரி கோடு. படிக்கட்டு திரும்புற இடத்துல இந்தக் கோடும் திரும்பிடும். அப்பா இடப்பக்கம் பார்க்குறார், அடுத்த கட்ல பொண்ணும் இடப்பக்கமே பார்க்குறான்னா, ரெண்டு பேரும் வேற யாரையோ பார்க்குற மாதிரி இருக்கும். திருப்பத்தை அவ தாண்டுறதை வெட்டாம ஒரு ஷாட்ல காட்டிட்டீங்கன்னா பிரச்சினை தீர்ந்தது.

(திரையில்: டியூப் லைட் வெளிச்சத்துல ஓடுற கறுப்புப் பட்டை.)

போன்ல எடுக்குறவங்க இதைக் கவனிங்க. நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வெச்ச டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். போன் நொடிக்கு 30 ஃபிரேம்ல, 1/60 ஷட்டர்ல (ஒவ்வொரு ஃபிரேமும் நொடியில 60-ல் ஒரு பங்கு நேரம் வெளிச்சம் வாங்குறது) ஓடினா படத்துல பட்டை நகரும். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர்னு பூட்டிடுங்க. ஒயிட் பேலன்ஸ் (நிறத்தைச் சரி பண்றது), எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) ரெண்டையும் பூட்டணும். இல்லன்னா அவ ஜன்னலைத் தாண்டும்போது சுவர் ஒரு தடவை நீலமாகும், ஒரு தடவை மஞ்சளாகும்.

ஜன்னல் வெளிச்சம் வேணும்னா காலைல ஏழு மணிக்கு முதல் ஷாட் எடுத்தாகணும். சென்னை 13 டிகிரி வடக்குல இருக்கு. ஏப்ரல் கடைசியிலயும் ஆகஸ்ட் நடுவுலயும் மத்தியான வெயில் நேரா உச்சந்தலையில விழும். ஜன்னல் வழியா ஒண்ணும் உள்ளே வராது. மொட்டை மாடியில நின்னா கண் ரெண்டும் குழியா இருட்டிடும். நிழல் பக்கம் நிரப்ப ஒரு வெள்ளை தெர்மோகோல் போதும், அதைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்.

ஏசி ரூம்ல வெச்ச கேமராவை அப்படியே படிக்கட்டுக்குக் கொண்டு வந்தீங்கன்னா லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைச்சாலும் திரும்பப் படியும். பையை மூடின மேனிக்கே அரை மணி நேரம் முன்னாடி வெளியில வெச்சிடுங்க.

சவுண்டுதான் இந்தப் படத்தோட உயிர். பாதி சீன் மூச்சும் படியில வைக்கிற கால் சத்தமும்தானே. மோட்டார் போடுற நேரத்தை வாட்ச்மேன்கிட்ட முன்கூட்டியே கேட்டுக்கோங்க. பக்கத்து வீட்டு குக்கர் விசிலும் காக்காவும் உங்க கையில இல்லை, அது வந்தா நிறுத்தி மறுபடி எடுங்க. ஃபேனை ஆஃப் பண்ணா அஞ்சு நிமிஷத்துல நெத்தி வேர்க்கும். அப்பாவுக்கு அது நல்லது. பொண்ணு கீழே இறங்கி வர்ற ஷாட்ல வேர்வை இருக்கக் கூடாது, அதனால அதை முதல்ல எடுத்திடுங்க. கேன்ல தண்ணி இறங்குற 'குபுக் குபுக்' சத்தத்தை மைக்கைக் கிட்ட வெச்சுத் தனியா பதிவு பண்ணுங்க. யாரும் பேசாத வெறும் படிக்கட்டுச் சத்தமும் ஒரு நிமிஷம் வேணும், எடிட்ல ஓட்டை அடைக்க அதுதான் உதவும்.

கிச்சன் ஷாட்டுக்கு ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணியே ஆகணும், அதோட இரைச்சல் தண்ணி சத்தத்துக்கு அடியில உட்கார்ந்துடும். ஆஃப் பண்ணதும் உங்க பைக் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ளயே வெச்சிடுங்க. பேக்கப் ஆகி கிளம்பும்போது சாவியைத் தேடி அங்கதான் வருவீங்க, வந்த கையோட சுவிட்சைப் போட்டுடுவீங்க. வீடு குடுத்தவங்க மாவு புளிச்சுப் போகாது.