தாய்மாமனுக்கு என்ன நோய்?

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே (எனக்கு வேதியியல் நடத்தியவர், இன்றும் அவர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது), மைக் செட் போட்ட தம்பிக்கும், வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த முறை அந்தக் காசுக்கு நோட்டு வாங்குங்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

மூன்று விஷயம் பேச வந்தேன். பிறவியிலேயே வரும் மரபணு மாறுபாடுகளுக்கும் ப்ராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு என்பது முதலாவது. அந்த மாறுபாடுகள் ஜீன்களின், அதாவது மரபணுக்களின், வேலையை எப்படிக் கூட்டிக் குறைக்கின்றன என்பது இரண்டாவது. மூன்றாவது, புதிய மருந்துகள்.

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று என் பாட்டி தினமும் சொல்வார். ப்ராஸ்டேட் விஷயத்தில் அது எவ்வளவு சரி? டென்மார்க், ஃபின்லாந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டையர்களைத் தொடர்ந்து கவனித்து 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இந்த நோய்க்கான வாய்ப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் சுமார் 57 சதவீதம் பரம்பரையைச் சேர்ந்தது என்றது. நூறு நோயாளிகளில் 57 பேருக்குப் பரம்பரையால் வந்தது என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. மற்ற பல புற்றுநோய்களைவிட இதில் பரம்பரையின் பங்கு பெரியது என்பதுதான் செய்தி.

க்ரோமோசோம் என்பது செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழை, எழுத்து எழுத்தாகக் கோர்த்த நீண்ட வரி மாதிரி; ஜீன்கள் அதில்தான் இருக்கின்றன. 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் எட்டாவது க்ரோமோசோமில் இந்த நோயோடு தொடர்புள்ள ஓர் இடத்தைக் காட்டினார்கள். பார்த்தால் அங்கே பெயர் சொல்லும்படி ஜீனே இல்லை, வெறும் பொட்டல். அதன் ஒரு பகுதியிலிருந்து சுமார் 3 லட்சத்து 35 ஆயிரம் எழுத்து தள்ளித்தான் எம்ஒய்சி என்ற ஜீன் இருக்கிறது. செல்லைப் பெருகச் சொல்லும் ஜீன் அது. மதகு ஓரிடம், வயல் ஓரிடம் என்பது போல, டிஎன்ஏ வளைந்து அந்தப் பொட்டல் துண்டை ஜீனுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது. அங்கே ஒரே ஓர் எழுத்து மாறினால் அதில் வந்து ஒட்டும் புரதத்தின் பிடி மாறும். அப்படித்தான் ஜீன் கூடுதலாகவோ குறைவாகவோ வேலை செய்கிறது. ஜீன் கெடவில்லை, அளவு மட்டும் மாறியது.

இன்னொன்று பத்தாவது க்ரோமோசோமில். எம்எஸ்எம்பி என்ற ஜீனின் தலைமாட்டிலேயே ஓர் எழுத்து மாறியிருந்தால், ப்ராஸ்டேட் ஏராளமாகச் சுரக்கும் ஒரு புரதம் குறைந்துபோகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடுகிறது. இப்படி 2023இல் எண்ணியபோது 451 மாறுபாடுகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னத் தூண்டல்தான், பல சேரும்போதுதான் கனக்கிறது.

ஐஸ்லாந்தை ஏன் சொன்னேன்? அப்போது மொத்தமே 3 லட்சம் பேர் உள்ள தேசம். ஆனால் யார் யாருக்குப் பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்தவர்கள். நாம்?

எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து கும்பகோணத்துக்கு வேன் பிடித்தோம். என் தாய்மாமன்கள் மூவரும் வந்தார்கள். கோவில்பட்டி வந்ததும் பெரிய மாமா, "நிறுத்துப்பா, கடலைமிட்டாய் வாங்கணும்" என்றார். இறங்கியவர் கடைக்குப் போகவில்லை, கடைக்குப் பின்னால் போனார். சாத்தூரில் நடு மாமாவுக்குச் சேவு வேண்டியிருந்தது. விருதுநகரில் சின்ன மாமாவுக்குப் பரோட்டா, அதுவும் காலை ஒன்பது மணிக்கு! மதுரையில் மூவருக்குமே மல்லிகைப்பூ. மேலூர் தாண்டி மறுபடி "நிறுத்து" என்றதும் டிரைவர் திரும்பி, "இங்க என்ன சாமி ஃபேமஸ்?" என்றார். வேனே சிரித்தது. பெரிய அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறாரு, கேட்டா சுகர்ங்கிறாரு" என்றார். மற்ற இரண்டு அத்தைகளும், "எங்க வீட்லயும் அதே கதைதான்" என்றார்கள். மூவரும் ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருந்தார்கள்.

சரி, அதற்காக யாரும் பயப்பட வேண்டாம். வயதானால் ப்ராஸ்டேட் வீங்கி அடிக்கடி சிறுநீர் வருவது சகஜம், பெரும்பாலும் புற்று இல்லை. மூவரும் டாக்டரிடம் போனார்கள். இருவருக்குச் சாதாரண வீக்கம். நடு மாமாவுக்குத்தான் புற்று. "உங்க அப்பாவுக்கு இருந்ததா?" என்று டாக்டர் கேட்டார். தாத்தா முதுகுவலியில் படுத்துப் போய்ச் சேர்ந்தார் என்பதைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மாமா இப்போது நன்றாக இருக்கிறார், அது வேறு விஷயம்.

ஆண்களுக்கு வரும் நோய் என்றால் அப்பா வழியை மட்டும் கேட்கிறோம். அது தப்பு. நான் சொன்ன இடங்கள் எட்டிலும் பத்திலும் இருக்கின்றன. அந்த க்ரோமோசோம்களில் அம்மாவிடமிருந்தும் ஒரு பிரதி வருகிறது. பிஆர்சிஏ2 என்ற ஜீனில் கோளாறு இருந்தால் பெண்களுக்கு மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்று வரலாம், அதே குடும்பத்து ஆண்களுக்கு ப்ராஸ்டேட்டில் வரலாம், வீரியமாகவும் வரலாம். உங்கள் அம்மாவின் தங்கையான சித்திக்கு மார்பகப் புற்று என்றால் அது உங்களுக்கும் சேர்ந்த செய்தி. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. மருமகன் சட்டையிலும் அந்த நூல் ஓடுகிறது.

அதற்குத்தான் நோட்டு. ஒரு வீட்டுக்கு ஒன்று. யாருக்கு, எந்த வயதில், என்ன நோய் என்று எழுத வேண்டும். இதை இந்த ஊரில் நூறு வீட்டிலாவது எழுத வைக்க வேண்டும் என்று அலைகிறேன். பஞ்சாயத்துத் தலைவர் அம்மாவும் ஒத்துழைப்பதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கு இந்த மேடையில் நன்றி. சுகாதார நிலையச் செவிலியர் சகோதரிக்கும் நன்றி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கொடுத்தால் இன்னும் வேகமாக நடக்கும், தலைமையாசிரியர் ஐயா மனது வைக்க வேண்டும்.

மூன்றாவது விஷயம் மருந்துகள். தலைவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார், இன்னொரு நாள் பார்ப்போம்.

டீ வைத்திருக்கும் மேசையில் அச்சடித்த தாள்கள் இருக்கின்றன. முதல் வரிசை அம்மா வழி, இரண்டாவதுதான் அப்பா வழி. தெரியாத கட்டத்தைக் காலியாக விட்டு, வீட்டில் போய்ப் பெரிய அத்தைகளிடம் கேளுங்கள். பேனா இல்லாதவர்கள் நூலகர் அம்மாவிடம் வாங்கிக்கொள்ளலாம்.