எண்ணெய் தெறிப்பது ஸ்பிளாஷ் இல்லை, ஸ்பிளாட்டர்!

எல்லோருக்கும் வணக்கம். போன வீடியோவில் வஞ்சிரம் வறுத்தபோது வாணலியை ஒரு கம்பிவலையால் மூடினேன் அல்லவா? அது என்னவென்று கேட்டு ஏகப்பட்ட பேர் எழுதியிருக்கிறீர்கள். அட்டைப்பெட்டியில் 'ஸ்பிளாட்டர் ஸ்கிரீன்' என்று அச்சடித்திருக்கிறார்கள். ஸ்பிளாஷ், ஸ்பிளாட்டர் இரண்டும் ஒன்றுதானே என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை!

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் 449 ரூபாய். அதே வலை, அதே அளவு, எங்கள் தெருமுனைப் பாத்திரக்கடையில் 260 ரூபாய்! 189 ரூபாய் மிச்சம். கடைக்காரர் 280 என்றுதான் ஆரம்பித்தார். பழைய வாடிக்கை என்று இருபதைக் குறைத்துக்கொண்டார். அன்றைக்கு முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ஸ்பிளாஷ் பெரும்பாலும் தண்ணீருக்கு உரியது. பையன் கிணற்றில் குதிக்கிறான், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்கிறோம், அதெல்லாம் ஸ்பிளாஷ். துடைத்தால் போயிற்று. ஸ்பிளாட்டர் என்றால் பெரிய பெரிய சொட்டாகப் படபடவென்று வந்து மோத வேண்டும், விழுந்த இடத்தை அலங்கோலமாக்க வேண்டும். சேறு, பெயின்ட், தக்காளிச் சாறு, எண்ணெய் எல்லாம் இந்த ரகம். 'ஆயில் ஸ்பிளாட்டர்ட் ஆல் ஓவர் தி ஸ்டவ்' என்று சொன்னாலே எண்ணெய்ப் பிசுக்கு கண்ணில் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது.

இன்னொன்றும் இருக்கிறது: ஸ்பேட்டர். இது பொடித் துளி. வெல்டிங் பட்டறையில் தெறித்து இரும்பின் மேல் மணிமணியாக ஒட்டிக்கொள்ளும் உலோகத் துளிக்கு இதுதான் பெயர். தடயவியல் நிபுணர்களும் ரத்தத் தெறிப்பை ஸ்பேட்டர் என்றுதான் எழுதுவார்கள். ரத்தம் கொட்டும் திகில் படங்களைத்தான் ஸ்பிளாட்டர் என்பார்கள். இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ தனது 1978ஆம் ஆண்டுப் படத்தை அப்படி அழைத்தார். அந்த வகைப் படங்களை என்னால் பார்க்கவே முடியாது.

எண்ணெய் ஏன் தெறிக்கிறது? மீனிலோ கறிவேப்பிலையிலோ இருக்கும் ஈரம்தான் காரணம். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் இறங்கும். அங்கே 180 டிகிரிச் சூடு. தண்ணீருக்கு 100 போதும். சட்டென்று ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, மேலே இருக்கும் எண்ணெயைத் தூக்கி அடிக்கிறது.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். சாதாரண மூடி போட்டால் ஆகாதா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். கூடாதம்மா! ஆவி மூடியில் நீராகி, திரும்ப எண்ணெயிலேயே சொட்டும். வலை ஆவியை விட்டுவிட்டு எண்ணெயைத் தடுக்கிறது. மீன் மொறுமொறுப்பாகவும் இருக்கும். கைப்பிடி மட்டும் சூடேறுகிறது, அதுதான் எனக்கு எரிச்சல். துணி இல்லாமல் தொடாதீர்கள்.