மலிவான குவார்ட்டர்பேக் இருந்தால்தான் கோப்பையா?

என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) பற்றிய போன வீடியோவுக்கு வந்த கேள்விகளில் ஒரு தம்பி என்னை நன்றாக மடக்கியிருக்கிறார். "அண்ணா, குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) குறைந்த சம்பளத்தில் இருக்கும்போதே சூப்பர் பௌல் (இறுதிப் போட்டி) ஜெயித்துவிட வேண்டும், பெரிய ஒப்பந்தம் போட்டுவிட்டால் அணி காலி என்று நீங்களேதான் சொன்னீர்கள். கான்சஸ் சிட்டி சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸுக்கு 10 வருஷத்துக்கு 45 கோடி டாலர் எழுதிக் கொடுத்த பிறகும் சீஃப்ஸ் ஜெயித்தார்களே, அது எப்படி?" சொன்னது நான்தான், மறுக்கவில்லை. பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஐபிஎல் ஏலப் பணம் மாதிரி என்எஃப்எல்லிலும் எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. 2013இல் அது 12.3 கோடி டாலர். அந்த வருஷம் சியாட்டில் சீஹாக்ஸின் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் அதில் எடுத்துக்கொண்டது ஏழு லட்சம் டாலர்கூட இல்லை. டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில், மூன்றாவது சுற்றில் வந்த பையன். புதிதாக வருபவர்களுக்கு இவ்வளவுதான் என்று 2011இல் அளவு வைத்துவிட்டார்கள், எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும் மூன்று சீசன் முடியாமல் புது ஒப்பந்தம் பேசவே முடியாது. மிச்சமான காசில் கிளிஃப் ஏவ்ரில், மைக்கேல் பென்னட் என்று இரண்டு பாஸ் ரஷர்களை (எதிரணி குவார்ட்டர்பேக் மேல் பாய்பவர்கள்) வாங்கிப் போட்டார்கள். இறுதிப் போட்டியில் டென்வரின் பெய்டன் மேனிங் வீசும் நேரத்தில் ஏவ்ரில் கையைத் தட்டிவிட, பந்து அந்தரத்தில் எழும்பி மால்கம் ஸ்மித்திடம் போனது, அவர் அப்படியே ஓடி டச்டவுன் போட்டார். 43-8. அன்றிலிருந்து எல்லோரும் இந்த மந்திரத்தைத்தான் ஓதுகிறோம், நானும் சேர்த்துத்தான்.

இப்போது மஹோம்ஸுக்கு வருவோம். 2022இல் உச்சவரம்பில் ஏறக்குறைய 17 சதவீதம் அவர் ஒருவருக்கே போனது. அதற்கு முன்பு கோப்பை வென்ற குவார்ட்டர்பேக்குகளில் அதிகபட்சம் 1994இல் ஸ்டீவ் யங்குக்குப் போன 13 சதவீதம்தான். அப்படியிருந்தும் ஜெயித்தார்கள் என்றால், அந்த வருஷம் மார்ச்சில் அவர்கள் செய்த காரியம்தான் காரணம் என்பேன். டைரீக் ஹில், லீகிலேயே வேகமான ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்), பெரிய சம்பளம் எதிர்பார்த்தார். தூக்கி மயாமிக்குக் கொடுத்துவிட்டு ஐந்து டிராஃப்ட் தேர்வுகளை (வீரரைத் தேர்ந்தெடுக்கும் முறைகளை) வாங்கிக்கொண்டார்கள். ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

அதில் ஒரு தேர்வின் கதை இருக்கிறதே, எனக்கு ரொம்பப் பிடித்தது. 2022இன் 29ஆவது தேர்வு. அது முதலில் சான் பிரான்சிஸ்கோ நைனர்ஸுடையது. டிரே லான்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுப்பதற்காக 2021இல் டிராஃப்ட் வரிசையில் மேலே ஏறிப் போக அவர்கள் மயாமிக்குக் கொடுத்தவற்றில் ஒன்று. மயாமி அதை ஹில்லுக்காக சீஃப்ஸுக்குக் கொடுத்தது. சீஃப்ஸ் அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்து நியூ இங்கிலாந்திடம் கொடுத்து, 21ஆவது இடத்துக்கு ஏறி, டிரென்ட் மெக்டஃபி என்ற கார்னர்பேக்கை (எதிரணி ரிசீவர்களைத் தடுப்பவர்) எடுத்தார்கள். அப்படியே 2024 பிப்ரவரிக்கு வாருங்கள், லாஸ் வேகாஸில் சூப்பர் பௌல், சீஃப்ஸும் நைனர்ஸும். ஆட்டம் 16-16, நாலாவது குவார்ட்டரில் கிட்டத்தட்ட இரண்டு நிமிஷம் பாக்கி, நைனர்ஸுக்கு மூன்றாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), ஐந்து யார்டு வேண்டும். மெக்டஃபி பிளிட்ஸில், அதாவது நேராகக் குவார்ட்டர்பேக்கை நோக்கி, பாய்ந்து வந்து நைனர்ஸ் குவார்ட்டர்பேக் ப்ராக் பர்டி வீசிய பந்தைத் தட்டிவிடுகிறார். முதல் டவுன் (புதிதாக நான்கு முயற்சிகள்) கிடைத்திருந்தால் கடிகாரத்தை ஓட்டியே கதையை முடித்திருக்கலாம், ஃபீல்ட் கோலோடு (உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) நிற்க வேண்டியதாயிற்று. சீஃப்ஸ் சமன் செய்து கூடுதல் நேரத்தில் 25-22. பர்டி யார்? 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262ஆவது தேர்வு, 2023 சீசனில் சம்பளம் 8.7 லட்சம் டாலர். மலிவான குவார்ட்டர்பேக் வைத்திருந்த அணிதான் தோற்றது. அவர்கள் கொடுத்த தேர்வு ஊர் சுற்றி வந்து அவர்கள் தலையிலேயே விழுந்தது!

ஆக தம்பி, குவார்ட்டர்பேக்குக்குக் கொடுத்துவிட்டு, மற்ற இடங்களிலும் பழைய ஆட்களையே பெரிய சம்பளத்தில் பிடித்து வைத்துக்கொண்டால்தான் மூழ்குவார்கள். சீஃப்ஸ் ஒருவருக்குக் கொடுத்தார்கள், மற்ற இடங்களை 22 வயதுப் பையன்களால் நிரப்பினார்கள். அதே டிராஃப்டில் ஏழாவது சுற்றில் வந்தவர்தான் ஐசையா பச்சேக்கோ, வந்த வருஷமே முதன்மை ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்).

"சம்பளத்தைத் தள்ளிப்போட முடியாதா" என்று இன்னொருவரும் கேட்டிருந்தார். முடியும். சீட்டு எடுப்பது மாதிரி. 5 கோடி போனஸ் இன்றைக்கே கைக்குப் போய்விடும், உச்சவரம்புக் கணக்கில் மட்டும் வருஷத்துக்கு ஒரு கோடியாக ஐந்து வருஷம் ஏறும். ஃபிலடெல்பியா இதில் கில்லாடி. குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸுக்கு 25.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டும் 2024 கணக்கில் அவர் பெயரில் ஒன்றரைக் கோடிகூட ஏறவில்லை, அந்த இடத்தில் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லியை வாங்கினார்கள், கோப்பையும் வந்தது. ஆனால் சீட்டை எடுத்த பிறகு ஆள் சரியில்லை என்று தெரிந்தாலும் தவணை நிற்காது. அதே ரஸ்ஸல் வில்சனை டென்வர் 2024இல் வெளியே அனுப்பியபோது, ஆடாத ஆளுக்காக இரண்டு வருஷத்தில் 8.5 கோடி டாலர் கணக்கில் விழுந்தது. அந்த வருஷமே அவர்கள் பிளேஆஃப் போனார்கள் என்பது வேறு விஷயம், ஏனென்றால் அப்போது ஆடியது போ நிக்ஸ், ரூக்கி (புதுமுக) சம்பளத்தில்!

நைனர்ஸ் என்ன ஆனார்கள் என்றால், 2025 மார்ச்சில் ரிசீவர் டீபோ சாமுவேலை வாஷிங்டனுக்கு ஓர் ஐந்தாவது சுற்றுத் தேர்வுக்குக் கொடுத்தார்கள், மே மாதம் பர்டிக்கு ஐந்து வருஷத்துக்கு 26.5 கோடி. சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.