கேம் தேய்ந்தால் எண்ணெய் வழியைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சிக்னலில் வண்டி நிற்கும்போது என்ஜினின் மேல்பக்கம் ‘டிக் டிக்’ என்று அடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். டேப்பட்டை, அதாவது வால்வின் இடைவெளியை, சரிசெய்தால் அடங்கும். மறுவாரமே மறுபடி அடித்தால், வால்வுகளைத் திறக்கும் முகடுள்ள தண்டான கேம்ஷாஃப்ட்டைத்தான் (சுருக்கமாக கேம்) பார்க்க வேண்டும்.

நாம் தினமும் ஓட்டும் 100 சிசி வண்டிகள் பலவற்றில் கேம், என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குள் இருக்கிறது. பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. கிராங்க் நிமிடத்துக்கு 1,400 என்றால் கேம் 700. அதனால்தான் அந்தச் சத்தத்துக்கு ஒரு நிதானம் இருக்கிறது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஹெட்டில் ஊன்றிப் பிடியைக் காதோடு வைத்தால் இடம் தெரிந்துவிடும்.

கழற்றிய கேமின் முகட்டில் நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்காவது தட்டினால் அந்த கேம் உதவாது. அதில் உரசி வால்வை அழுத்தும் ராக்கர் ஆர்மும் உதவாது. பழைய ராக்கரைப் புது கேமின்மேல் உட்கார வைக்காதீர்கள்.

இனி கேமைத் தாங்கும் பேரிங். எண்ணெய்ப் பிசுக்கோடு சுற்றிப் பார்த்தால் எந்த பேரிங்கும் நல்ல பேரிங்தான்! பெட்ரோலில் கழுவி, உலர்த்தி, ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, லேசாக அழுத்தியபடி மெல்லச் சுற்றுங்கள். மெல்லச் சுற்றுவதுதான் முக்கியம். மணல் நெரிவதுபோல விரலுக்குத் தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். வேகமாகச் சுழற்றினால் அது தெரியாது.

ஒரு பால்காரர் என் பட்டறைக்கு வந்தார். வேறோர் இடத்தில் ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை கேம் மாற்றியிருந்தார்கள். மூன்றாவதும் நீலம் பாரித்திருந்தது. எண்ணெய் படாமல் சூடேறிய இரும்பின் நிறம் அது. புது கேமை நான் கையில்கூட எடுக்கவில்லை. ஹெட்டுக்கு எண்ணெய் ஏறும் துளையில் மெல்லிய கம்பியை விட்டேன். பாதியில் நின்றது. குத்தி எடுத்தபோது அரிசி அளவில் ஓர் உருண்டை வந்தது. எண்ணெய் கசியாமல் இணைப்பில் வைக்கும் கேஸ்கட்டுக்கு அள்ளிப் பூசிய பசை! அது பிதுங்கி உள்ளே போய்க் காய்ந்து, வழியை அடைத்திருக்கிறது. அந்த மனிதர் உருண்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய இரண்டு மாத வருமானத்தை அது தின்றிருந்தது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கேம் தேய்ந்திருந்தால், புதியதை வாங்குமுன் எண்ணெய் வழியைப் பாருங்கள்.

நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பிஸ்டனைக் கழற்றியபின் ராடை உச்சிக்குக் கொண்டுவந்து, நேராக மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சற்று நகரும். அந்த இடைவெளி வேண்டும், அதைக் கண்டு பயந்து நல்ல கிராங்க்கைப் பிரித்துவிடாதீர்கள். மேலும் கீழும் ‘டொக்’ என்றால் மட்டும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங்குக்கும் அதே விரல் சோதனைதான். வணக்கம்.