ஆறு வயதில் பார்த்த கடிகாரம்

அவைத் தலைவர் ஐயா அவர்களே, தேர்வு வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, இந்தக் கூடத்தைத் திறந்துவிட்ட நூலகர் அவர்களே, மழையில் நனைந்தபடி நாற்காலி போட்ட வாசகர் வட்டத் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவில் ஒரு பிள்ளை எப்படி வளர்ந்து பெரியவனானான்? வழிபாடு, படிப்பு, தொழில் என்று மூன்றையும் சொல்ல வந்திருக்கிறேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள் நம் பெரியவர்கள்.

1774இல் இந்தக் குழுவின் தலைவி ஆன் லீ அம்மையார் எட்டுப் பேரோடு இங்கிலாந்திலிருந்து நியூயார்க் போய் இறங்கினார். அவர் வழி வந்தவர்களுக்குத் திருமணம் இல்லை, தனிச்சொத்து இல்லை. குடும்பத்தோடு சேர்ந்தால் கணவனும் மனைவியும் சகோதர சகோதரியாகிவிட வேண்டும். பிள்ளைகள் தனியே, ஒரு பொறுப்பாளரிடம் வளர்வார்கள். பையன்களுக்குக் குளிர்காலத்தில் பள்ளி, பெண்களுக்குக் கோடையில். படிப்பு அவ்வளவுதான். தொழிலுக்கு வருகிறேன்.

ஐசக் நியூட்டன் யங்ஸ் என்று ஒருவர். 1793இல் பிறந்து, கைக்குழந்தையாகவே ஷேக்கர்களிடம் வந்தவர். அவருடைய பெரியவர்களில் ஒருவர் கடிகாரம் செய்பவர். ஆறு வயசுப் பையன் அவர் பக்கத்தில் எடுபிடி வேலை செய்துகொண்டு, பல்சக்கரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். பேச்சு திருந்துவதற்கு முன்பே மணி பார்க்கத் தெரியுமாம்! ஆனால் அவனைத் தையல் வேலைக்குப் போட்டார்கள். மறுக்கவில்லை, தைத்தான். வாலிப வயசில் மனசு அலைபாய்ந்தது. ஆசையோடு பட்ட பாட்டை நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதினான். கூட வளர்ந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அங்கே 21 வயதானால் உடன்படிக்கையில் கையெழுத்திடலாம், போகவும் செய்யலாம். அவர் இருந்தார். அப்புறம் அந்தப் பழைய கடிகார ஆசைக்கே திரும்பினார். 1840இல் அவர் செய்த சுவர்க்கடிகாரங்கள் இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இசைக்குறிப்பு எழுத, ஒரே இழுப்பில் ஐந்து கோடு விழும் பேனா ஒன்றும் செய்தார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? அந்த ஆறு வயசுதான், ஐயா, எல்லாம்.

பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்த்ததை நான் ஏற்கவில்லை. ஆனால் வேலை நடக்கும் இடத்தில் பிள்ளையை உட்கார வைத்தார்களே, அதைத்தான் நான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் கைவேலைக்கு ஒதுக்குங்கள். உளியும் ஊசியும் பிள்ளைகள் கையில் படட்டும். தலைமையாசிரியை அம்மா யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி.

வழிபாட்டைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் மணியடித்துவிட்டார். நூலகத்தின் பின்னறை சும்மா கிடக்கிறது. அதில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தச்சும் தையலும் சொல்லித்தரக் கேட்டு மனு எழுதி, வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வீட்டில் பழைய ரம்பம், சுத்தியல் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.